புதுச் சிவப்பு

காலையில் கண் விழித்தபோது அந்தச் சத்தம் இல்லை.

இத்தனை மாதமாக நீச்சல் டீச்சரை எழுப்பிக்கொண்டிருந்தது அதுதான். தலையணைக்குள் யாரோ செருப்பில்லாமல் நடந்து போவது போல ஒரு மெல்லிய தடதடப்பு. "ரத்தம் கம்மியா இருந்தா இதயம் ஓவர்டைம் பாக்கும். அதான் உங்க காதுல கேக்குது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்று அந்த நடைக்காரரைக் காணோம்.

அவள் அசையாமல் படுத்திருந்தாள். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. அறை முழுக்கப் பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். சொன்னால் அவர் திரும்பி வந்துவிடுவார் என்று பயம்.

நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை. நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் நம் டீச்சர். ஒருநாள் பாதிக் குளத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரும்புச் சத்து மாத்திரைகள் டப்பா டப்பாவாகக் காலியானதுதான் மிச்சம். கடைசியில் ஸ்கேனில் தெரிந்தது: நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில் ஒரு கட்டி. அந்தக் கட்டி போட்ட தூபத்தில், நோயை எதிர்க்க வேண்டிய அணுக்கள் சொந்த எலும்பு மஜ்ஜை மீதே பாய்ந்திருந்தன. வெள்ளை அணுக்கள் உண்டு, தட்டணுக்கள் உண்டு. சிவப்பணு மட்டும் ஒன்றுகூடப் பிறக்கவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்கிற ரத்தசோகை.

கட்டியை எடுத்தார்கள். ரத்தம் தானாக ஊறும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஊறவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாரோ முகம் தெரியாதவர்களின் ரத்தத்தில் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். பிறகு, அணுக்களின் வெறியை அடக்கும் காப்ஸ்யூல் ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு எலி செத்த நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் விழுங்கியாயிற்று. பலன் உண்டா இல்லையா என்பது இன்று தெரியும்.

"நானும் வர்றேன்" என்றார் கணவர். கண் சோதித்துக் கண்ணாடி விற்கும் கடை வைத்திருப்பவர். சொல்லும்போது தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி ஏதும் இல்லை.

"வேணாம் மாமா" என்றாள் சிட்டு. அப்பா வைத்த செல்லப் பெயர்; டீச்சரின் தங்கை. "போன தடவை ஊசியைப் பாத்ததும் நீங்க மயங்கிட்டீங்க. நர்ஸ் பாவம், யாருக்கு முதல்ல ஊசி போடறதுன்னு தெரியாம முழிச்சாங்க. நான் பாத்துக்கறேன். நீங்க கடையைத் திறங்க."

சிட்டுவின் உத்தியோகமே பயந்தவர்களைப் பார்த்துக்கொள்வதுதான். லிஃப்ட் கம்பெனியில் அவசரத் தொலைபேசி அவளுடையது. எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் மெக்கானிக் வந்து சேரும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

கணவரின் போன் அடித்தது. பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்தார்.

"யாருங்க?"

"ஃப்ரேம் விக்கிறவன். காலங்காத்தால உயிரை வாங்கறான்."

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இந்த ஆறு மாதமாக அவர் அவளை நேராகப் பார்ப்பது குறைந்துவிட்டது. வெளுத்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து முடித்ததும் காத்திருக்கச் சொன்னார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே கயிற்றில் தொங்கியபடி ஒருவர் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் வழிய வழிய, வெயில் அதில் உடைந்து, தரையெல்லாம் வெளிச்சம் நெளிந்தது.

"முந்தாநாள் ஒருத்தர்" என்று சிட்டு ஆரம்பித்தாள். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துல மாட்டிக்கிட்டார். லிஃப்டுக்குள்ள அவரும் பொண்ணோட அப்பாவும். ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லக்கா. நான்தான் போன்ல நடுவுல நின்னு சம்பந்தம் பேசினேன். கதவு திறக்கறப்ப தேதி மட்டும்தான் பாக்கி."

டீச்சர் சிரித்தாள். சிரிப்பின் பாதியிலேயே தூக்கம் கண்ணை இழுத்துக்கொண்டு போனது.

குளத்தின் அடித்தரையில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு தேவைப்படவில்லை. தலைக்கு மேலே நீலக் கூரை மாதிரி தண்ணீர். அதில் அவளுடைய மாணவர்களின் பாதங்கள், வெள்ளை வெள்ளையாய், அவசரமே இல்லாமல் உதைத்துக்கொண்டிருந்தன. ஒரு பாதத்திலிருந்து கடுகளவு சிவப்பு ஒன்று பிரிந்து மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் உள்ளங்கையை நீட்டினாள். இன்னொன்று இறங்கியது.

"டீச்சர்?"

கண்ணைத் திறந்தாள். எதிரே ஜட்ஜ் நின்றிருந்தார். ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருக்குத் தீர்ப்புச் சொன்ன மனுஷன், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிய முதல் நாள் அவளிடம் ஜாமீன் கேட்காத குறைதான். இப்போது மல்லாந்து மிதக்கத் தெரியும்.

"முழங்கால் வலின்னு காட்ட வந்தேன். உங்களைப் பாப்பேன்னு நினைக்கவே இல்லை. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் சார். நீங்க மிதக்கறதை விடலையே?"

"எங்கே... நீங்க வேலையை விட்டப்புறம் எனக்கும் ஆர்வம் போச்சு. புதுப் பொண்ணு நல்லாத்தான் சொல்லிக்கொடுக்குது. அதை நிரந்தரமாக்கப் போறாங்களாம். இருந்தாலும்..."

"நான் எங்கே சார் விட்டேன்? லீவுலதானே இருக்கேன்."

ஜட்ஜ் முகத்தில் குழப்பம். "இல்லையே... உங்க வீட்டுக்காரர் மானேஜர்கிட்டச் சொல்லிட்டதா..." என்றவர், சிட்டுவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். முழங்கால் வலியை மறந்து வேகமாக நடந்து போனார்.

"மாமாவா?" என்றாள் சிட்டு. "இரு, இப்பவே போன் போட்டு..."

"வேணாம்."

"அக்கா!"

"வேணாம் சிட்டு. முதல்ல ரத்தம்."

அவள் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. கோபம் வரவில்லை. காலுக்குக் கீழே தரை நழுவி ஆழமாகிவிட்டது போல இருந்தது. ஆழத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பதறக் கூடாது. அவ்வளவுதான்.

டாக்டரம்மா கதவைத் தானே திறந்து கூப்பிட்டார். அது வழக்கமில்லை.

"உட்காருங்க டீச்சர். புதுசாப் பொறந்த சிவப்பணு எத்தனை இருக்குன்னு ஒரு கணக்குப் பாப்போம்ல? உங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே தேறல. இன்னிக்கு லேப்ல ரெண்டாவது தடவை பாக்கச் சொன்னேன். முதல் தடவை வந்ததை நான் நம்பல."

டீச்சர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "எண்ணற அளவுக்கு வந்திருக்கு. மஜ்ஜை வேலைக்குத் திரும்பிடுச்சு. ஹீமோகுளோபினும் போன தடவையைவிட இறங்கல, ஏறியிருக்கு. இன்னிக்கு ரத்தம் ஏத்த வேணாம். வீட்டுக்குப் போகலாம்."

ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் வாய் வலிக்கப் பேசும் சிட்டு, அக்காவின் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா..." என்றார் டாக்டரம்மா.

அந்தச் சொல்லுக்குத்தான் டீச்சர் காத்திருந்தாள்.

"மருந்து மஜ்ஜைக்கு ஒத்துக்கிச்சு. கிட்னிக்கு ஒத்துக்கல. கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் அளவு கொஞ்சம் ஏறியிருக்கு. அதனால மருந்தைக் குறைக்கணும். குறைச்சாலும் சிவப்பு நிக்குமா, மறுபடியும் படுத்துக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. நிக்கலைன்னா வேற மருந்து இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, பாப்போம்."

"டாக்டர், நான் தண்ணில இறங்கலாமா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நெஞ்செலும்பு கூடிடுச்சு. தையலும் ஆறிடுச்சு. ஆனா இந்த மருந்து சாப்பிடறவங்களுக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. கூட்டம் இருக்கறப்ப கூடாது. ஒரு வாய் தண்ணிகூட உள்ள போகக் கூடாது. நீந்தக் கூடாது, மூச்சு வாங்கக் கூடாது."

"அப்ப என்னதான் செய்யலாம்?"

"நிக்கலாம்."

"நிக்கறேன்" என்றாள் டீச்சர், சின்னப் பிள்ளை மாதிரி.

வெளியே வந்ததும் சிட்டு ஆட்டோவுக்குக் கை நீட்டினாள். "வீட்டுக்கா?"

"கடைக்கு."

கண்ணாடிக் கடையின் உள்ளறை எப்போதும் இருட்டாக இருக்கும். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக மிதக்கும். மேலே ஒற்றைப் பெரிய எழுத்து; இறங்க இறங்கச் சிறுத்து, கடைசி வரி எறும்பு ஊர்வது போல. சிட்டு முன்னறையிலேயே நின்றுகொண்டாள். டீச்சர் உள்ளே போய், சோதனை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு வந்தவர் வாடிக்கையாளர் என்று நினைத்தார். "உட்காருங்க, இதோ..." என்று லென்ஸ் பெட்டியைத் திறந்தார்.

"நான் வேலையை விட்டுட்டேனாமே?"

பெட்டி கையிலேயே நின்றது. அவர் மெதுவாகத் தன் முக்காலியில் உட்கார்ந்தார்.

"யார் சொன்னா?"

"ஜட்ஜ் சார். எப்பச் சொன்னீங்க மானேஜர்கிட்ட?"

"ஆபரேஷனுக்கு முந்தின நாள். உன்னை டெஸ்டுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருந்தாங்க. நான் வராந்தாவுல நின்னுக்கிட்டிருந்தேன். அப்பப் பாத்து மானேஜர் போன் பண்ணார். டீச்சர் எப்ப வருவாங்கன்னு கேட்டார். இனிமே வர மாட்டாங்கன்னுட்டேன்."

"நான் பொழைக்க மாட்டேன்னு நினைச்சீங்களா?"

"ஐயோ, இல்ல." எழுத்துப் பலகையின் வெளிச்சத்தில் அவர் முகம் பாதிதான் தெரிந்தது. "ஏதாவது ஒண்ணை விட்டுக்கொடுத்தாத்தான் நீ திரும்பக் கிடைப்பேன்னு தோணிச்சு. அசட்டுத்தனம்தான். கைல என்ன அகப்பட்டுதோ அதைத் தூக்கிக் கொடுத்துட்டேன்."

"என்னோடதைத் தூக்கிக் கொடுத்தீங்க."

"ஆமா."

"உங்க கடையைக் கொடுத்திருக்கலாமே?"

"அதையும்தான் சொன்னேன், மனசுக்குள்ள. அதை யாரும் வந்து கேக்கல. மானேஜர்தான் கரெக்டா கூப்பிட்டார்."

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. அவள் அதை விடவில்லை. இப்போது சிரித்தால் கோபம் வீணாகிவிடும்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்."

"ஒவ்வொரு தடவை ரத்தம் ஏத்தும்போதும், இது முடியட்டும், அடுத்த தடவை சொல்லிக்கலாம்னு... அப்புறம் உன் முகத்தைப் பாக்கவே முடியல. காலைல கூப்பிட்டதும் மானேஜர்தான். உன் லாக்கரைக் காலி பண்ணித் தரணுமாம்."

அப்போ வெளுத்த முகம் காரணம் இல்லை. அவள் எழுத்துப் பலகையைப் பார்த்தாள். எழுத்துகள் தண்ணீருக்குள் இருப்பவை போல அலைந்தன. ஆறு மாதமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பயத்தோடு அடுத்தடுத்துப் படுத்திருந்திருக்கிறார்கள்.

"ரத்தம் வந்திருக்கு" என்றாள்.

"கிடைச்சுதா? போன வாட்டி உன் குரூப்புக்கு எவ்வளவு அலைஞ்சோம். யாரோடது?"

"என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுந்தபோது முக்காலி உருண்டு சுவரில் மோதியது. சின்ன டார்ச்சை எடுத்தார்.

"மேல பாரு."

அவள் மேலே பார்த்தாள். கட்டை விரலால் அவளுடைய கீழ் இமையை மெல்ல இழுத்தார். ஊரார் கண்களையெல்லாம் குனிந்து பார்ப்பவர், எத்தனையோ நாளைக்குப் பிறகு பெண்டாட்டியின் கண்ணுக்குள் பார்த்தார். காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்த இடத்தில், விடியற்கால வானத்தின் ஓரம் போல, இருக்கிறதா இல்லையா என்று ஒரு ரோஜா நிறம்.

"கொஞ்சந்தான் இருக்கு" என்றார். அவருடைய கண்ணாடி ஆவி படிந்து மங்கிப்போயிருந்தது.

"கொஞ்சந்தான். அதுவும் நிக்குமான்னு ரெண்டு வாரத்துலதான் தெரியும். கிட்னியில ஏதோ ஏறியிருக்காம்." எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கிற வேலை இனி வேண்டாம். "அப்புறம்... நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு."

"சாயங்காலமும் இருப்பேன்."

"சரி."

"லாக்கர் சாவி எங்கே?"

மத்தியானத்தில் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே குளம் காலியாக இருக்கும். கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயில் தண்ணீருக்குள் தூண் தூணாக நின்றது. குளோரின் வாசனை மூக்கில் ஏறியது. டீச்சருக்குப் பிறந்த வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது.

கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றாள். சின்ன வயது. வந்தது யார் என்று அவளுக்குப் படத்தைப் பார்த்தே தெரியும். நுழைவாயிலில் டீச்சரின் படம் இன்னும் மாட்டியிருந்தது.

"உங்க லாக்கரை நான் தொடல டீச்சர். மானேஜர் சொன்னார், நான்தான் அவங்களே வந்து எடுக்கட்டும்னேன்."

"எடுக்க வரலம்மா. கொஞ்ச நேரம் நிக்க வந்தேன்."

லாக்கரில் பழைய நீச்சல் உடை மடித்தபடியே இருந்தது. மேலே கழுத்துவரை மூடிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். தொண்டைக்குழிக்குக் கீழிருந்து இறங்கும் ஆபரேஷன் தழும்பை இன்னும் யாருக்கும் காட்டப் பிடிக்கவில்லை.

ஏணியில் இறங்கினாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. தண்ணீர் அவளை விசாரிக்கவே இல்லை. எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. தூக்கிக்கொண்டது.

"சிட்டு, வா."

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியும்."

"உன்னைத்தான் நீந்தக் கூடாதுன்னுட்டாங்களே!"

"அப்ப ரெண்டு பேரும் நிப்போம்."

சுடிதாரோடு இறங்கினாள் சிட்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டாள். இறங்கியதும் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கழுத்தை விடு. என் கையைப் பிடி. தோளைத் தளர்த்து. மூச்சை அடக்காத, வெளிய விடு... இன்னும்... ம்." தன் குரலைத் தானே கேட்டு டீச்சர் திகைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில்களில் ஈனஸ்வரமாக முனகிய குரல் இல்லை இது. கூரை வரை போய்த் திரும்பி வந்தது.

சிட்டுவின் தோள் இறங்கியது. அக்காவும் தங்கையும் கை கோத்தபடி நின்றார்கள். வெயில் தூண்கள் மெல்ல நகர்ந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீருக்குள் நேரம் எப்போதுமே வேறு கணக்கு.

கரையில் அந்தச் சின்னப் பெண் துண்டோடு நின்றிருந்தாள். ஏறி வந்த டீச்சரின் தோளில் போர்த்திவிட்டு, எங்கோ பார்த்தபடி சொன்னாள்: "இன்னிக்குச் சாயங்காலம் என்னை நிரந்தரமாக்கிக் கையெழுத்து வாங்கறதா மானேஜர் சொல்லியிருக்கார். மேலதான் இருக்கார். நீங்க திரும்பி வர்றீங்கன்னா... எனக்கு இந்த வேலை ரொம்ப வேணும் டீச்சர். அதை உங்ககிட்ட மறைச்சுப் பேச எனக்குத் தெரியல."

"தெரியாம இருக்கறதுதான் நல்லது" என்றாள் டீச்சர். அந்தப் பெண்ணின் கன்னத்தை ஈரக் கையால் தொட்டாள். இரண்டு வாரத்தில் ரத்தம் என்ன சொல்லும் என்பது அவளுக்கே தெரியாது.

வாசலில் கணவர் நின்றிருந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். "நான் போய் மானேஜர்கிட்டப் பேசறேன். தப்பு என்னோடது" என்று படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்.

"நீங்க பேசினது போதும்" என்றாள் அவள். "இது என் வேலை. நான் பேசிக்கறேன்."

துண்டை இறுக்கிக்கொண்டு ஏறினாள். மனசு முழுக்க மானேஜரிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே இருந்தது. மாடியில் அறைக் கதவின் முன் நின்று கையை ஓங்கியபோதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக எந்தப் படிக்கட்டானாலும் பாதியில் நின்று, கைப்பிடியில் சாய்ந்து, கண்ணில் பூச்சி பறப்பது அடங்கும்வரை காத்திருந்து ஏறியவள். இன்று எங்கேயும் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கீழே கணவரும் தங்கையும் அண்ணாந்து பார்த்தபடி, வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். அவர்களும் கவனித்திருக்கிறார்கள்.

கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து மானேஜரின் குரல். "நான் வேலையா இருக்கேன், அப்புறம் வாங்க."

"அப்புறம்லாம் வர முடியாது சார்" என்றாள் டீச்சர், கணீரென்று. "தண்ணி சொட்டச் சொட்ட நிக்கறேன். கதவைத் திறங்க."